மண்டையோட்டு அந்து திரும்பிப் போகிறதா?

நாடு திரும்புதல் பற்றிச் சென்ற இதழில் நடந்த விவாதத்தில் நண்பர் ஒருவர் ஒரு பூச்சியைச் சாட்சிக்கு அழைத்திருந்தார். ஆபிரிக்காவிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஐரோப்பாவுக்குப் பறந்து வரும் பெரிய விட்டில் ஒன்று இருக்கிறதென்றும், அது இங்கே முட்டையிட்டுச் செத்துப்போகுமென்றும், இங்கே பிறக்கும் அதன் பிள்ளைகள் மலடாகிக் குளிரில் அழிந்துவிடுமென்றும், திரும்பிப் போன விட்டில் என்று ஒன்று இல்லையென்றும் எழுதியிருந்தார். நாமும் அதுதான் என்பது அவருடைய முடிவு. கட்டுரையின் அரசியலுக்குப் பதில் எழுதப் பலர் இருக்கிறார்கள். பூச்சிக்காகப் பேச ஆளில்லை. ஒரு காலத்தில் விலங்கியல் படிப்பித்தவன் என்ற முறையில் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர் பூச்சியின் பெயரைத் தரவில்லை. அவர் தந்த அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது மண்டையோட்டு அந்தாகத்தான் இருக்கவேண்டும். ஜேர்மன் மொழியில் ‘ரோற்றன்கொப்ஃப் ஷ்வேர்மர்’ என்பார்கள். அவர் கூறிய செய்தியும் கற்பனையல்ல. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் நல்ல நூல்களிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. அது எப்படி எழுதப்பட்டது, பிறகு எப்படி மாறியது என்பதுதான் சுவாரசியமான கதை. அதற்கு முதலில் பூச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் ‘விட்டில்’ என்றவுடன் விளக்கில் விழுந்து சாகும் ஒன்றுதான் மனதில் வருகிறது. இலக்கியம் அந்தப் பிராணிக்கு வேறு வேலை கொடுத்ததில்லை. ஆகவே நான் பாடநூற் சொல்லான ‘அந்து’ என்பதையே இங்கு பயன்படுத்துகிறேன். பருந்தந்துகள் என்று ஒரு குடும்பம் உண்டு. உலகெங்கும் 1400க்கு மேற்பட்ட இனங்கள். ஒடுங்கிய நீண்ட சிறகு, தடித்த உடல், மிக வேகமான பறப்பு. அந்தக் குடும்பத்தில் அக்கரோன்ரியா என்னும் சாதியில் மூன்று இனங்கள்: அற்றோபொஸ், ஸ்ரிக்ஸ், லக்கேசிஸ். (உயிரியலுக்குக் கலைச்சொல் ஆக்கிய எங்கள் பெரியவர்கள் குடும்பத்துக்கு மேலுள்ள படிக்கு ‘வருணம்’ என்றும் கீழுள்ள படிக்குச் ‘சாதி’ என்றும் பெயர் வைத்தார்கள். புழு பூச்சியைக்கூட விட்டுவைக்கவில்லை. இதைப் பற்றி யாராவது தனியாக எழுதலாம்.)

மூன்று பெயர்களும் சாவைச் சுற்றியவை. அக்கரோன், ஸ்ரிக்ஸ் இரண்டும் கிரேக்கரின் பாதாள உலகத்து ஆறுகள். எங்கள் வைதரணி போல. லக்கேசிஸ் என்பவள் மனிதரின் ஆயுள் நூலை அளப்பவள், அற்றோபொஸ் அதை அறுப்பவள். நூலை நூற்கும் குளோத்தோவுக்கு மட்டும் இந்தச் சாதியில் இடம் கிடைக்கவில்லை. அற்றோபொஸ் என்ற பெயரை 1758இல் லின்னேயஸ் வைத்தார். அதே அற்றோபொஸின் பெயரைத்தான் பெலடோனா என்னும் நச்சுச்செடிக்கும் அவர் கொடுத்தார். கண்வைத்தியர்கள் மணியை விரியச்செய்ய விடும் அற்றோபின் மருந்துக்குப் பெயர் வந்தது அந்தச் செடியிலிருந்து. இந்த அந்தின் புழு பெலடோனாவையும் ஊமத்தையையும் சாதாரணமாகத் தின்று வளரும் என்பதைப் பார்க்கும்போது, பெயர் வைத்தவரின் பொருத்தம் வியக்கத்தக்கது.

அற்றோபொஸ் ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது. மற்றைய இரண்டும் ஆசியாவுக்குரியவை. இலங்கையில் இரண்டும் உண்டு. வன்னியில் நெல் வெட்டியபின் எள்ளு விதைத்தவர்கள் ஸ்ரிக்ஸின் புழுவைக் கண்டிருப்பார்கள். விரலிலும் தடிப்பாக, பின்புறத்தில் வளைந்த ஒரு கொம்புடன், இரவோடிரவாக ஒரு செடியை மொட்டையாக்கிவிட்டு இலைக்கடியில் அசையாமல் இருக்கும் பச்சைப் புழு. எள்ளின் பூச்சிப்பீடைகள் பற்றிய விவசாயக் கையேடுகளில் அதற்கு நிரந்தர இடமுண்டு. ஆகவே நண்பர் சாட்சிக்கு அழைத்த பூச்சி நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. அதன் மைத்துனர்கள் நம் வயலில் இருக்கிறார்கள்.

முதிர்ந்த அந்து சிறகு விரித்தால் ஒன்பது முதல் பதின்மூன்று சென்ரிமீற்றர் வரை வரும். ஐரோப்பாவில் காணக்கூடிய பருந்தந்துகளில் இதுவே பெரியது. முன்சிறகு மரப்பட்டை நிறம், பின்சிறகும் வயிறும் மஞ்சளும் கறுப்புமான பட்டைகள். நெஞ்சறையின் முதுகுப்பக்கத்தில் வெளிர்மஞ்சட் செதில்களுக்கு நடுவே இரண்டு கரும்புள்ளிகள். இவ்வளவுதான் அந்த மண்டையோடு. ஆனால் பார்த்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. ஐரோப்பியக் கிராமங்கள் பலவற்றில் இது வீட்டுக்குள் வந்தால் சாவு வருமென்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1889 மே மாதம் சென் றெமி மனநல விடுதியில் இருந்த வான்கோ பெரிய அந்து ஒன்றைக் கண்டு வரைந்து, அது அரிய மண்டையோட்டு அந்து என்று தம்பிக்கு எழுதினார். படத்தைப் பார்த்தால் அது வேறு இனம், மயில் அந்து என்று தெரிகிறது. அவர் இருந்த இடத்தில், இருந்த நிலையில், அந்தப் பெயர் அவருக்கு முதலில் வந்ததில் ஆச்சரியமில்லை. நூறு வருடம் கழித்து, 1991இல் வெளிவந்த ‘ஆட்டுக்குட்டிகளின் மௌனம்’ படத்தின் சுவரொட்டியில் நடிகையின் வாயை மூடியிருந்ததும் இதே அந்துதான்.

பருந்தந்துகளில் பல நீண்ட உறிஞ்சுகுழல் கொண்டவை, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பவை. மடகஸ்காரின் ஓர்க்கிட் பூவொன்றின் ஆழத்தைப் பார்த்து, இதற்கேற்ற குழலுள்ள அந்து ஒன்று இருந்தேயாக வேண்டுமென்று 1862இல் டார்வின் எழுதியதும், அவர் இறந்தபின் 1903இல் அந்த அந்து விவரிக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்த கதை. மண்டையோட்டு அந்துக்கு அந்த நளினம் கிடையாது. அதன் குழல் குட்டை, தடிப்பு, நுனி கூர். பூவை நம்பி அது வாழ்வதில்லை. தேன்கூட்டுக்குள் நேரே நடந்து போய் மெழுகு மூடியைக் குத்தித் துளைத்துத் தேனைக் குடிக்கிறது. ஆசியாவிலுள்ள இரண்டு இனங்களும் இதே தொழில்தான்.

பல்லாயிரம் கொடுக்குகள் காவலிருக்கும் இடத்தில் இது எப்படி நடக்கிறது? தோல் தடிப்பானது, விஷத்தை ஓரளவு தாங்கும் என்பது ஒரு பகுதி விடை. மற்றப் பகுதி 1991இல் வெளியான ஆய்வொன்றில் கிடைத்தது. தேனீயின் உடலில் பூசியிருக்கும் நான்கு கொழுப்பமிலங்கள் இந்த அந்தின் உடலிலும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் காணப்பட்டன. இருட்டில் ஒன்றையொன்று மணத்தால் அறியும் தேனீக்களுக்கு உள்ளே வந்தது அந்நியன் என்று படுவதில்லை. வேடம் எப்போதும் பலிப்பதுமில்லை. கூட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டு, வெளியே இழுத்துப்போட முடியாத பருமனென்பதால் பிசினால் பூசி மூடப்பட்ட அந்துகளைத் தேனீ வளர்ப்போர் கண்டிருக்கிறார்கள்.

கையில் பிடித்தால் இது கீச்சிடும். பூச்சிகளில் சிறகையோ காலையோ உரசி ஒலியெழுப்புபவை ஏராளம். வாயால் ஒலியெழுப்புவது மிக அபூர்வம். தொண்டையறைக்குள் காற்றை இழுக்கும்போது அங்குள்ள ஒரு மடல் அதிர்ந்து கரகரத்த ஒலி வருகிறது. பின் அதே காற்றைக் குழல்வழியே வெளியே தள்ளும்போது சீட்டியொலி. நம் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியும் கட்டையும் போன்ற ஏற்பாடு. இராணித் தேனீயின் குரலைப் பாவனைபண்ணித் தேனீக்களை மயக்குகிறதென்று முன்னர் அழகாக எழுதினார்கள். எதிரியைத் திடுக்கிடச் செய்யும் தற்காப்பு என்பதே இன்று கூடுதலாக ஏற்கப்படும் விளக்கம். அழகான விளக்கங்கள் அநேகமாக இப்படித்தான் போய்ச் சேருகின்றன.

இனி உருளைக்கிழங்கு. 1756இல் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் கிழங்கு பயிரிடும்படி குடிகளுக்கு ஆணையிட்டான். தென்னமெரிக்க மலைச்சரிவிலிருந்து வந்த செடி அதன்பின் வடஐரோப்பாவின் வயல்களை நிறைத்தது. ஆபிரிக்காவிலிருந்து பறந்துவந்த அந்துக்கு அது பெரிய வாய்ப்பாயிற்று. கத்தரி, ஊமத்தை, பெலடோனா எல்லாம் உருளைக்கிழங்கின் குடும்பமே. முன்பு வேலியோரத்தில் அங்கொன்று இங்கொன்றாய் நின்ற காட்டுச்செடிகளைத் தேடிய அந்துக்கு இப்போது ஏக்கர் கணக்கில் இலை. இரண்டு வந்தேறிகள் ஒரு ஜேர்மன் வயலில் சந்தித்துக்கொண்டன. புழு பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்து, மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அறை அமைத்துக் கூட்டுப்புழுவாகும்.

நான் வேலை செய்வது உருளைக்கிழங்கைக் கழுவித் தோலுரித்து வெட்டிப் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில். ஓய்வுபெறும் வயதை அண்மித்த ஜேர்மன் தொழிலாளி ஒருவர் பட்டியில் எனக்கு எதிரே நிற்பவர். இலையுதிர்காலப் பள்ளி விடுமுறைக்கு அந்தக்காலத்தில் ‘கிழங்கு விடுமுறை’ என்றே பெயர், பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கவேண்டுமே. மண்வெட்டிக்கும் கைக்கும் அகப்படும் மினுமினுத்த செம்மண்ணிறக் கூட்டுப்புழுவைப் பற்றித் தன் தகப்பன் சொல்லித் தான் அறிந்ததாக அவர் சொன்னார். அளவைக் கைவிரலால் காட்டினார். எட்டுச் சென்ரிமீற்றர் இருக்கும், யாழ்ப்பாணச் சுருட்டில் ஒரு துண்டு மாதிரி. சரியான அளவுதான். இன்று எங்கள் பட்டிக்கு அப்படியொன்று வருவதில்லை. இலை மருந்தடித்துக் காயவைக்கப்படுகிறது, கிழங்கை இயந்திரம் கிளறுகிறது, மிஞ்சும் கூட்டுப்புழு நசுங்கிவிடுகிறது. இந்த அந்தைப் பற்றிய பழைய அறிவில் ஒரு பெரும்பங்கு கூலியாட்களின் கைகளும் பிள்ளைகளின் கைகளும் திரட்டிக் கொடுத்தது. நூல்களில் திரட்டியவர்களின் பெயர் இல்லை.

இனி நண்பரின் கேள்விக்கு வரலாம்.

மண்டையோட்டு அந்து ஆபிரிக்காவிலும் மத்தியதரைக் கடலைச் சுற்றிய வெப்பமான இடங்களிலும் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. வசந்தத்தில் ஒரு பகுதி வடக்கே கிளம்புகிறது. கடலையும் மலையையும் தாண்டி மே, யூன் மாதங்களில் மத்திய ஐரோப்பாவை அடைகிறது. முட்டையிட்டு முடிந்ததும் வந்தவை இறந்துவிடுகின்றன. கோடை முழுவதும் புழுக்கள் வளர்கின்றன. ஓகஸ்ற் முதல் ஒக்ரோபர் வரை புதிய அந்துகள் வெளிவருகின்றன. பிந்திப்போய் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும் கூட்டுப்புழுக்களை அல்ப்ஸ் மலைக்கு வடக்கேயுள்ள உறைபனி கொன்றுவிடும். இவ்வளவும் ஐயமற்றவை. நண்பர் இதுவரை சரி.

சிக்கல் இலையுதிர்காலத்து அந்துகளில் தொடங்குகிறது. பெண் அந்துகளை அறுத்துப் பார்த்தவர்கள் சூலகத்தில் முதிர்ந்த முட்டை இல்லாததைக் கண்டார்கள். மலடு என்று எழுதினார்கள். வடக்கின் குளிரும் கிழங்கிலையும் அவற்றைக் கெடுத்துவிட்டன என்று காரணமும் கண்டார்கள். தெற்கே போகும் அந்துகளை யாரும் பார்க்கவில்லை. இரவில், உயரத்தில், தனித்தனியே பறப்பதை யார் பார்ப்பது? மலடு, திரும்புதல் இல்லை, ஆகவே வடக்கு ஒரு படுகுழி: இப்படித்தான் அந்த வாதம் கட்டப்பட்டது.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. வடக்கே போகும் தூண்டுதல் பரம்பரையாக வருவது. போனவை எல்லாம் வாரிசில்லாமல் அழியுமானால், தங்கியவற்றுக்கு மட்டுமே பிள்ளைகள் மிஞ்சும். சில ஆயிரம் தலைமுறைகளில் போகும் தூண்டுதலே இனத்திலிருந்து துடைக்கப்பட்டிருக்கும். இயற்கைத் தேர்வு அவ்வளவு தாராளமானதல்ல. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் அவை வந்துகொண்டேயிருக்கின்றன. ஆகவே எங்கோ ஒரு திரும்பும் கணக்கு இருந்தாக வேண்டும். இல்லை, காற்று அடித்துக்கொண்டு வருகிற மிச்சங்கள்தான் இவை என்று மறுதரப்பார் சொன்னார்கள்.

சூலகத்தின் புதிரும் வேறு வழியில் அவிழ்ந்தது. பூச்சிகளின் இடப்பெயர்வு பற்றிய ஜோன்சனின் பெருநூல் 1969இல் வந்தது. நீண்ட தூரம் பறக்கும் பூச்சிகளில் பல, பயணம் முடியும்வரை முட்டை முதிர்ச்சியைத் தள்ளிப்போடுகின்றன என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. முட்டை பாரம். பறப்பதற்குக் கொழுப்பு வேண்டும். உடல் இரண்டையும் ஒரேநேரத்தில் செய்யாது. இந்த வெளிச்சத்தில் பார்த்தால், முட்டையில்லாத இலையுதிர்காலப் பெண் அந்து மலடல்ல, பயணத்துக்கு ஆயத்தமான பெண். அறுத்துப் பார்த்தவர்கள் நேரத்துக்கு முந்தி அறுத்துவிட்டார்கள்.

பின்னர் றேடார் வந்தது. இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தார் வானத்தை நோக்கி நிமிர்த்திய றேடார்களால் இரவில் மேலே போகும் பூச்சிகளை எண்ணினார்கள். ‘வெள்ளி வை’ என்னும் சிறிய அந்து, பருந்தந்து அல்ல, ஆனால் அதே பருவக் கணக்கில் வந்துபோவது. வசந்தத்தில் ஒரு கோடி முதல் இருபத்துநான்கு கோடி வரை பிரித்தானியாவுக்கு வருவதாகவும், இலையுதிர்காலத்தில் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தெற்கே போவதாகவும் 2012இல் அவர்கள் வெளியிட்டார்கள். வடக்கு படுகுழியல்ல, பெருக்கும் நிலம் என்றாயிற்று. மேலும், அந்த அந்துகள் காற்று அடித்த பக்கம் போவனவல்ல. தமக்கு வேண்டிய திசையில் காற்று வீசும் இரவையும் உயரத்தையும் தெரிந்தெடுத்துப் பறப்பவை.

மண்டையோட்டு அந்துக்கே நேரடியான சாட்சியம் 2022 ஓகஸ்றில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. ஜேர்மனியின் தெற்கு ஓரத்தில் போடன் ஏரிக்கரையிலுள்ள கொன்ஸ்ரன்ஸ் நகரத்து மக்ஸ் பிளாங் நிறுவனத்தார் செய்த வேலை. (அங்கிருந்து சுவிஸ் எல்லை நடைதூரம். நம்மவர்கள் சிலருக்கு அந்த எல்லையை இரவில் தெரியும்.) பதினான்கு அந்துகளின் முதுகில் ஒரு கிராமின் ஐந்திலொரு பங்கு நிறையுள்ள வானொலி அனுப்பியை ஒட்டினார்கள். இரவில் விட்டார்கள். சிறு விமானமொன்றில் ஏறிப் பின்தொடர்ந்தார்கள். நான்கு மணித்தியாலம் வரை, ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் வரை, அல்ப்ஸை நோக்கித் தெற்கே. ஒரு பூச்சியை அவ்வளவு தூரம் விடாமல் பின்தொடர்ந்தது அதுவே முதல்முறை. அவை நேர்கோட்டில் பறந்தன. பின்னாலிருந்து காற்று உதவியபோது மேலே ஏறிக் காற்றோடு போயின. எதிர்க்காற்று வந்தபோது திரும்பவுமில்லை, அடித்துச் செல்லப்படவுமில்லை. நிலத்தோடு தாழ்ந்து, வேகத்தைக் கூட்டித் திசையைக் காப்பாற்றின. பக்கக்காற்றை ஈடுசெய்து தலையைத் திருப்பிப் பறந்தன.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய விபரம் வேறொன்று. அந்தப் பதினான்கும் புழுவிலிருந்தே ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டவை. எந்தப் பயணமும் செய்யாதவை. தெற்கை அறியாதவை. வழிகாட்டத் தாயில்லை, தாய் இறந்தபின்தான் இவை சிறகு கொள்கின்றன. திசை உடலுக்குள் எழுதியிருக்கிறது. நிலத்தின் தோற்றமும் பூமியின் காந்தப்புலமும் திசைகாட்டிகளாக இருக்கலாமென ஆய்வாளர் கருதுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் பொகோங் அந்து காந்தப்புலத்தை உணர்வது 2018இலும், நட்சத்திர வானத்தைத் திசைகாட்டியாகக் கொள்வது 2025இலும் பரிசோதனையால் காட்டப்பட்டுள்ளன.

ஆகவே நண்பரின் சாட்சி தடம் மாறிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, பிள்ளைகள் திரும்புவார்கள் என்று எதிர்த்தரப்பினர் அடுத்த இதழில் எழுதுவார்களென எதிர்பார்க்கிறேன். அவர்களுக்கும் இந்தப் பூச்சி உதவாது. திரும்புகிற அந்துக்கு ஊர் ஞாபகம் இல்லை, காணி உறுதி இல்லை, விட்டுவந்தது பற்றிய கதை எதுவும் யாரும் சொன்னதில்லை. நாள் சுருங்கி இரவு குளிர்வதற்கு உடல் தரும் பதில் அது. நம் பிள்ளைகள் எங்கே இருப்பது, எங்கே போவது என்பதை அவர்கள் யோசித்துத் தீர்மானிப்பார்கள். ஆனால் ‘இங்கு பிறந்தவை மலடு’ என்ற சொல்லை மட்டும் நண்பர் மீளப்பெற வேண்டுமென்று கேட்பேன். அது பூச்சிக்கே பொருந்தாமற் போய்விட்டது. இரண்டு மொழியில் கனவு காணும் பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் இன்னும் எதையும் செய்துமுடிக்காத வயதில், அப்படி எழுதுவது எந்த ஆய்வு முறை?

ஒரு நடைமுறைச் செய்தி. தோட்டக்காணி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இங்கு கிழங்கும் கத்தரியும் போடுகிறார்கள். செப்ரெம்பர், ஒக்ரோபரில் கிண்டும்போது சுருட்டுத்துண்டு போன்ற கூட்டுப்புழு அகப்பட்டால் வெட்டி எறியவேண்டாம். மூடியில் துளையிட்ட பெரிய டப்பா ஒன்றில் ஈரமண்ணோ பாசியோ பரப்பி, அதன்மேல் வைத்து, வெதுவெதுப்பான அறையில் வையுங்கள். ஏறிச் சிறகு விரிக்க ஒரு தடியும் வேண்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் அந்து வெளிவரும். அது பூவைத் தேடாது. தண்ணீரில் கரைத்த தேனைத் தட்டில் வைத்து, ஊசியால் மெதுவாகக் குழலை நீட்டித் தொட்டுக்காட்டினால் குடிக்கும். கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். மழையில்லாத, அதிகம் குளிராத ஓர் இரவில், வடக்கிலிருந்து காற்று வீசும்போது, வெளிச்சத்துக்கு விலகிய இடத்தில் கையை நீட்டி விடுங்கள். பறக்குமுன் சிறிதுநேரம் சிறகை நடுக்கி உடலைச் சூடேற்றும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.